உப்பைத் தண்ணீர் என்பதில்லை

மகளுக்குக் கட்டுச்சோற்று விருந்து முடிந்து, மூலனூர்ப் புகுந்த வீட்டிலிருந்து அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, நான் முதலில் செய்த வேலை குடங்களை எண்ணியதுதான். பிளாஸ்டிக் குடம் ஆறு, எவர்சில்வர் குடம் இரண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் லாரியில் வீட்டுக்கு எட்டுக் குடம் என்பது கணக்கு. அதில் நானும் மனைவியும் குடித்து, சமைத்து, ஒரு குடத்தை மீதி பிடித்துவிடுவோம். இனி மூன்று பேர். பிரசவம் ஆகிவிட்டால் நாலு பேர். அந்த நாலாவது ஆள் வந்த பிறகு தண்ணீர்ச் செலவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"வந்த புள்ளைய வா கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லாம, கொடத்தப் போயி எண்ணிட்டு நிக்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?" என்றாள் மனைவி.

"எண்ணாம உட்டா எட்டு பத்தாயிருமா?"

"எண்ணுனா ஆயிருமாக்கும்."

மகள் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி ஒரு முறை எண்ணினேன்.

எங்கள் வளவு நொய்யலுக்குத் தென்கரையில் இருக்கிறது. பதினாலு வீடு, ஒன்பது கிணறு. திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போடும் பட்டறைகள் பெருகப் பெருக, ஆறு அந்தந்த வாரத்து ஆர்டரின் நிறத்தில் வரத் தொடங்கியது. ஆற்றில் வந்தது மெதுவாகக் கிணற்றிலும் இறங்கியது. கிணற்றில் இறைத்துப் பார்த்தால் நிறம் எதுவும் இருக்காது. பாட்டிலில் பிடித்து வைத்தால் கோயில் தீர்த்தம் என்று கூடச் சொல்லிவிடலாம். வாயில் வைத்தால்தான் தெரியும். அதில் பருப்பு வேகாது. வெள்ளை வேட்டி இரண்டே துவையலில் பழுத்துப் போகும். தென்னையில் குரும்பை நிற்காமல் கொட்டும். வளவில் பாதிப் பேர் தோட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, காலையில் கம்பெனி வேனில் ஏறிப் பனியன் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆற்றைக் கெடுத்த தொழில்தான் எங்கள் வீடுகளில் உலையும் வைத்தது. அதனால் யாரும் யாரையும் உரக்கத் திட்டுவதில்லை.

கிணறுகள் கெட்ட ஊர்களுக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள். ஆற்றை விட்டு வெகுதூரம் தள்ளி, அவிநாசிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வரும். அந்த லாரியின் ஆரன் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் கேட்கும். எழுந்து உட்கார்ந்தால் ஒன்றும் இருக்காது.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றிலிருந்து ஒரு தம்ளர் எடுத்து, அதில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். தண்ணீரில் உப்பு இருந்தால் அது வெள்ளையாகத் தயிர் போலத் திரியும். வாராவாரம் திரிந்தது. திரியும் என்று தெரிந்தேதான் விடுவேன். விடாமல் இருக்க முடியாது. "கெணத்துக்கு ஊசி போடறாருங்க" என்று பக்கத்து வீட்டில் மனைவி சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே கேட்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவள். வயது என் மகளைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும். வளவுப் பெண்கள் முதல் நாளே அவளை அம்மிணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் படித்தவன் என்று யாரோ சொல்லி, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"நாங்க மொதல்ல கடல்லதான் பாத்தோம் ஐயா. ஆறு கடல்ல சேருத எடத்துல சேத்தை எடுத்தோம், மீனை எடுத்தோம். மீன் கொழுப்புல சில ரசாயனச் சாமான் கெடக்கு. அது கடல்ல பொறந்தது இல்ல, ஆத்தோட வந்தது. அதான் எங்கேருந்து வருதுன்னு ஆத்தைப் பிடிச்சு மேல மேல வாரேன்" என்றாள்.

நொய்யல் காவிரியில் சேர்கிறது, காவிரி கடலில் சேர்கிறது. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் எங்கள் ஆற்றில் இறங்கியது எங்கோ ஒரு மீனின் வயிற்றில் போய் உட்கார்ந்திருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தது.

"அது உப்பு தானேம்மா?" என்று கேட்டேன்.

"உப்புன்னா நாக்குல தெரிஞ்சிரும்லா. இது தெரியாது. வெயிலுக்கு அழியாது, வருசக்கணக்கா அப்படியே கெடக்கும். உடம்புக்குள்ள போனாலும் லேசுல வெளிய வராது, கொழுப்புல போயி ஒளிஞ்சுக்கிடும். போகாத அழுக்குன்னு வச்சுக்கிடுங்க."

மனைவி டீயை நீட்டிக்கொண்டே கேட்டாள். "சாம்பலு, புளி, எதப் போட்டுத் தேச்சாலும் போவாதுங்களா அம்மிணி?"

"போகாதும்மா."

"அப்ப எங்கூட்டுக்காரரு கொணத்தாட்டன்னு சொல்லு."

அந்தப் பெண்ணுக்குப் புரை ஏறிவிட்டது.

கிணற்று நீரை அவளே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவளுக்கு அதில் விருப்பம் இல்லை. கடலில் அவர்களே படகில் போய் எடுத்தார்களாம். பிறகு முடிவைச் சொன்னபோது மீனவர்கள் ஒருவரும் நம்பவில்லையாம். எங்கே எடுத்தாயோ, எதை எடுத்தாயோ, மீன் விலையைக் கெடுக்க வந்துவிட்டாய் என்று சண்டைக்கு வந்தார்களாம். "அதனால இங்க நீங்களே எடுத்துத் தரணும் ஐயா. உங்க கையால எடுத்ததுன்னா நீங்களே நம்பாம இருக்க முடியாதுல்லா" என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

லாரிக்காகப் பெண்கள் குடத்தோடு காத்திருக்கும் இடத்தில் வைத்துப் பேசினாள். ஒன்பது கிணற்று வீட்டுக்காரிகளுக்கும் ஆளுக்கு இரண்டு பாட்டில். பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில், மூடிக்கு உள்ளே வெள்ளித்தாள்.

"நாளைக்குக் காலையில எந்திச்சதும் உங்க வீட்டுத் தண்ணிய இதுல நெறைச்சு வைங்க. பாட்டிலக் கழுவ வேண்டாம், துணி போட்டு வடிகட்ட வேண்டாம். நான் வந்து வாங்கிக்கிடுதேன்."

"பிராந்தி பாட்டலாட்ட இருக்குது அம்மிணி. எங்கூட்டுக்காரன் மொதல்ல மோந்து பாத்துட்டுத்தான் குடுப்பான்" என்றாள் கடைசி வீட்டுக்காரி. அவள் சொன்னதற்கு லாரி டிரைவர் வரை சிரித்தார்.

மறுநாள் காலையில் நானும் கூடப் போனேன். ஒன்பது வீடு, பதினெட்டு பாட்டில். ஒரு வீட்டிலும் சொல்லைத் தட்டவில்லை. ஒருத்தி பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். இன்னொருத்தி, ஜில்லென்று இருக்கட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுத்தாள். எல்லா வீட்டிலும் டீ. ஆராய்ச்சிக்காரப் பெண் வீட்டுக்கு ஒரு பாட்டிலாக ஒன்பதை ஐஸ் நிரப்பிய பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டாள். மற்ற ஒன்பதும் கையிருப்பு. அவை எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். தயிர் வைக்க இடம் இல்லை என்று மனைவி தினமும் ஒரு முறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மகள் நடந்தால் நடக்கிறாளே என்று இருக்கும். படுத்தால் படுத்துவிட்டாளே என்று இருக்கும். அவள் எந்தக் குடத்தில் மொண்டு குடிக்கிறாள் என்று எட்டிப் பார்ப்பேன். "அப்பா, நான் லாரித் தண்ணிதானுங்க குடிக்கறேன், போயி உக்காருங்க" என்பாள். போய் உட்காருவேன். பிறகு மறுபடி எழுந்து வருவேன்.

ஒரு நாள் முற்பகலில் பஞ்சாயத்துத் தலைவர் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். நல்ல மனிதர். என்னிடம் படித்தவர். வேதியியலில் அரைகுறை.

"வாத்தியாரய்யா, இனிப்பு எடுத்து வைங்க" என்றார்.

"என்னத்துக்குங்க?"

"உங்க வளவுல ஒம்பது கெணறும் சுத்தமுங்க. அந்த ஆராய்ச்சிப் புள்ள எடுத்துட்டுப் போச்சில்லீங்களா, அதோட முடிவு ஆபீசுக்கு வந்துருச்சு. மேல கீழ இருக்கற ஊர்ல எல்லாம் என்னென்னமோ இருக்குதாமா. உங்களுக்கு மட்டும் ஒண்ணும் இல்லீங்க."

ஆய்வுக்கு அனுமதி கேட்டபோதே, முடிவில் ஒரு பிரதி தங்களுக்கும் வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. அவளும் முறைப்படி அனுப்பியிருக்கிறாள்.

"அதனால உங்க லாரிய இந்த மாசத்தோட நிறுத்திட்டு, ஆத்துக்கு அக்கட்ட ஒரு ஊருக்குத் திருப்பறாங்க. பாவம், அங்க ஒரு சொட்டுக் கெடையாதுங்க" என்றார் தலைவர்.

நான் உள்ளே போய், கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொம்பு கொண்டுவந்து நீட்டினேன். மரியாதைக்காக வாங்கி ஒரு வாய் குடித்தார். விழுங்கவும் முடியாமல், வாத்தியார் எதிரில் துப்பவும் முடியாமல், செம்பருத்திச் செடிப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

"உப்புதானுங்க" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. "ஆனா பாட்டல்ல இல்லைங்கறாங்களே."

செய்தி எப்படித்தான் மூலனூருக்குப் போனதோ. இரண்டு நாளில் சம்பந்தியம்மாளிடமிருந்து போன் வந்தது. முருங்கைக்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பம். பேச்சில் ஒரு சொல் தடித்து வராது.

"கோவிச்சுக்காதீங்க சம்மந்தி. மொதப் பிரசவம் அம்மா ஊட்டுலதான், நாங்க இல்லைங்கலைங்க. ஆனா தண்ணி இல்லாத எடத்துல எப்படிங்க புள்ள பெத்து எடுக்கறது? லாரி ஓடுனா சரிங்க. நின்னுதுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, வண்டி அனுப்பறமுங்க."

போனை வைத்ததும் மனைவி ஆரம்பித்தாள். "பிரசவத்துக்குக் கூட்டியாந்த புள்ளையத் திருப்பி அனுப்புனா, நாளைக்கு எந்த மொகத்த வெச்சுட்டுங்க நான் அந்த ஊட்டுப் படி ஏறுவேன்? நீங்க படிச்ச படிப்புக்கு ஏதாச்சும் பண்ணுங்க."

படித்த படிப்புக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெள்ளி நைட்ரேட்டை எடுத்தேன். ஆராய்ச்சிக்காரப் பெண் தேடும் சாமான் அதில் தெரியாது என்று எனக்குத் தெரியும். உப்பாவது தெரியும் அல்லவா? ஒரு தம்ளரில் எங்கள் கிணற்று நீர். இன்னொரு தம்ளரில், ஐஸ் பெட்டியில் இருந்த கையிருப்புப் பாட்டிலில் எங்கள் வீட்டு எண் எழுதியதைத் திறந்து, அதிலிருந்து கொஞ்சம். கிணற்று நீர் முதல் சொட்டிலேயே திரிந்துவிட்டது. பாட்டில் நீர் லேசாகப் புகைபோல மங்கியதோடு சரி. கலக்கிப் பார்த்தேன். இன்னும் நாலு சொட்டு விட்டேன். திரியவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டில், அடுத்த வீட்டுப் பாட்டில். அவையும் திரியவில்லை.

மனைவி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, இந்தப் பாட்டல்ல எதுல மொண்டு ஊத்துனே?"

"தவலைல இருந்துதானுங்க."

"எந்தத் தவலை?"

"தண்ணித் தவலை. வேற எந்தத் தவலைல தண்ணி இருக்குது?"

"கெணத்துத் தண்ணி கேட்டா லாரித் தண்ணியையா குடுத்தே!"

"அந்தப் புள்ள கெணத்துத் தண்ணி எங்கீங்க கேட்டுது? வீட்டுத் தண்ணி குடுங்கன்னுச்சு, குடுத்தேன். உப்பு வேணும்னா உப்புன்னு கேக்கோணும்."

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"அப்படியே கேட்டிருந்தாலும், எத்தனையோ தூரத்துலிருந்து ஒறம்பரையா, விருந்தாளியா வந்த புள்ள. அதுக்குப் போயி உப்பையா குடுப்பாங்க? என்னையப் பாத்தா அப்படிக் குடுக்கறவளாட்டவா இருக்குது?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் கிணற்று நீர் எப்போது கெட்டதோ, அப்போதே அது தன் பெயரையும் இழந்துவிட்டது. ரெண்டு குடம் உப்பு ஊத்து என்போம். உப்புல குளிச்சுட்டு வா என்போம். மாட்டுக்கு உப்புக் காட்டியாச்சா என்று கேட்போம். தண்ணி என்று தனியாகச் சொன்னால் அது லாரியில் வருவது மட்டும்தான். அந்தப் பெண் வீட்டுத் தண்ணி என்று சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் காதுக்கும் அதில் கோளாறு ஒன்றும் படவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு மற்ற எட்டு வீட்டுக்கும் போனேன். ஏழு வீட்டில் லாரித் தண்ணீர். ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுத்தாளே, அவளும் அதில் சேர்த்தி. எட்டாவது கடைசி வீட்டுக்காரி. அவள் ஒரு படி மேலே போயிருந்தாள். மகன் திருப்பூரிலிருந்து வாங்கி வந்த கேன் தண்ணீரைத் திறந்து ஊற்றியிருக்கிறாள். "ஆராய்ச்சிக்குன்னு கேட்டுதுங்களே சாமி, நம்ம ஊட்டுது மட்டமா இருந்தா நல்லா இருக்குமுங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"எங்கூர்ல வீட்டுத் தண்ணின்னா ஒண்ணுதான் ஐயா" என்றாள். "ரெண்டு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லியே. லாரித் தண்ணியவா கிணறுன்னு எழுதி அனுப்பிட்டேன்!"

"மறுபடி எடுத்துப் பாக்க முடியுமாம்மா? லாரி நின்னுரும். எம் மக நெற மாசம்."

"வாரேன் ஐயா. பாட்டில் பத்துதான் மிச்சம் கெடக்கு. வாரேன்."

வந்தாள். அது எங்களுக்குக் கடைசி லாரி வருகிற நாளாக அமைந்துவிட்டது. குடங்கள் வரிசையாக நின்றன. வழக்கத்தைவிட அதிகம். அண்டா, குண்டா, பழைய பெயின்ட் வாளி எல்லாம் வந்திருந்தன. நாற்பத்தேழு வரை எண்ணினேன். அதற்குள் ஒருத்தி நடுவில் நுழைந்து கணக்கைக் கெடுத்துவிட்டாள். அந்தப் பெண் எல்லோருக்கும் முன்னால் நின்று, நடந்ததைச் சொன்னாள். தன் பேரிலேயே பிசகைப் போட்டுக்கொண்டாள். யாரையும் குற்றம் சொல்லவில்லை.

"இந்தத் தடவ எனக்கு உப்பு தாங்க. கிணத்துல எறைச்ச உப்பு" என்றாள்.

ஐஸ் பெட்டிக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நல்லது குடுத்ததுக்குத்தான் லாரிய நிறுத்துனாங்களாக்கும்" என்றாள்.

"அம்மிணி, நீ கேட்டாலும் எப்படிக் கண்ணு உங்கையில உப்பக் குடுக்கறது? உப்பைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும். நீ வேற கலியாணம் ஆகாத புள்ள" என்றாள் கடைசி வீட்டுக்காரி.

"அவ சொல்றதும் நெசந்தான்" என்று இரண்டு மூன்று குரல் கேட்டது. விளையாட்டாகத் தொடங்கியதுதான். ஆனால் கிணற்றுக்குப் போனபோது உண்மையிலேயே அப்படித்தான் செய்தார்கள். ஒவ்வொருத்தியும் கிணற்றிலிருந்து இறைத்து, பாட்டிலை நிரப்பி, அவள் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அந்தப் பெண் குனிந்து குனிந்து ஒன்பதையும் எடுத்துக்கொண்டாள். என் மனைவியும் தரையில்தான் வைத்தாள். வைத்துவிட்டு, "குடிச்சுராத சாமி" என்றாள்.

கிளம்புவதற்கு முன் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். மகள் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் உப்புலதான் குளிக்கறேன். அது ஒண்ணும் பண்ணாதுங்களா?"

அந்தப் பெண் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "முடிவு வரட்டும். வராம நான் எதுஞ் சொன்னா அது பொய்யாப் போயிரும்."

"கொழந்தைக்குப் பால் குடுத்தா, பால்ல வருமா?"

"கொழுப்புல சேருத சாமான். பால்லயும் வரும்னுதான் படிச்சிருக்கேன்."

மனைவி ரசச் சட்டியைச் சற்று ஓசையாக வைத்தாள். கர்ப்பிணியிடம் பேசுகிற பேச்சா என்பது அதன் பொருள். எனக்கு அந்தப் பெண் மேல் கோபம் வரவில்லை.

புது முடிவு வரும்வரை பழைய முடிவுதான் செல்லும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தலைவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் எனக்காக நின்று பேசினார். எதிரே இருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "உங்க சம்சாரம் பாட்டல்ல எதை ஊத்துனாங்கன்னு நான் எப்படிங்க ஐயா மேல எழுதறது?" என்றார்.

லாரி நின்றது. நான் மொபெட்டில் இரண்டு பக்கமும் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு அவிநாசிபாளையம் போனேன். லாரி நிரப்பிய அதே தோட்டம். "எடுத்துக்குங்கய்யா, இதுக்கென்னத்துக்குக் கேட்டுட்டு" என்றார் தோட்டக்காரர். போகும்போது வண்டி பறக்கும். வரும்போது கேனில் தண்ணீர் ஆடும் ஆட்டத்துக்கு வண்டியும் ஆடும். வளைவுகளில் காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வருவேன். மூடி சரியாக இருக்கிறதா என்று வழியில் நாலு இடத்தில் நிறுத்திப் பார்ப்பேன். ஒரு கேனில் இரண்டரைக் குடம். ஒரு நடைக்கு ஐந்து. சில நாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு நடை போனேன். தரையில் தேய்த்துத் தேய்த்தே ஒரு செருப்பு ஓட்டையாகிவிட்டது.

அதை மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, என்னைக்காச்சும் ஒரு நாள் வண்டியோட உழுந்துட்டா, அப்பறம் அம்மா உங்களைப் பாப்பாங்களா, என்னையப் பாப்பாங்களா? நான் மூலனூருக்கே போறனுங்க."

"இன்னும் கொஞ்ச நாள்ல முடிவு வந்துரும் கண்ணு."

"எனக்கு அதுக்கும் முன்னால வந்துரும் போலிருக்குதுங்க" என்று வயிற்றைக் காட்டிச் சிரித்தாள்.

மறுநாள் கார் வந்தது. சம்பந்தியம்மாள் கூடவே வந்து, ஒரு கட்டு முருங்கைக்காயும் பழமும் வைத்து, எங்களை மதித்து நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் அழைத்துப் போனார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. மனைவி வாசல் வரை வரவில்லை. உள்ளே காலிக் குடங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பெண் குழந்தை. மூலனூரில்தான் பிறந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். திரும்பி வந்து சில நாளில் தலைவரின் மோட்டார் சைக்கிள் மறுபடி வாசலில் நின்றது.

"வாத்தியாரய்யா, ஜெயிச்சுட்டீங்க! ஒம்பது கெணறும் கெட்டுதுங்க. அந்தப் புள்ள சொன்ன சாமான் எல்லாத்துலயும் இருக்குதாமா. நாளன்னைக்கு லாரி."

வளவே கூடிவிட்டது. "வெசம் இருக்குதாமா!" என்று ஒருத்தி கத்த, "அப்பாடா!" என்று இன்னொருத்தி கையைக் கூப்பினாள். கடைசி வீட்டுக்காரி எல்லோருக்கும் நாட்டுச் சர்க்கரை கொடுத்தாள். தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் சிரித்தேன். லாரி வந்தது. எட்டுக் குடம் பிடித்தோம்.

அன்று சாயங்காலமே மனைவி ஆரம்பித்துவிட்டாள். "லாரிதான் வந்துருச்சில்லீங்க. பிரசவந்தான் இங்க பாக்கக் குடுத்து வெக்கல. புள்ளையையும் கொழந்தையையும் கூட்டியாந்து ஒரு மூணு மாசமாச்சும் வெச்சுக்கலாம். போன் பண்ணிச் சொல்லுங்க."

நான் முதலில் போன் பண்ணியது கடற்கரைப் பெண்ணுக்கு. குடிக்க லாரி இருக்கிறது, ஆனால் குளிக்க, துணி துவைக்க, குழந்தைத் துணி அலச எல்லாம் கிணறுதான், மாடு குடிப்பதும் கிணறுதான், அந்த மாட்டுப் பாலைத்தான் நாங்கள் குடிக்கிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டேன்.

"எங்கிட்ட கேட்டா, பச்சப் புள்ளைய கொஞ்ச நாள் அங்கேயே வச்சிருக்கட்டும்னுதான் சொல்லுவேன் ஐயா."

"கொஞ்ச நாள்னா எத்தனை நாள்?"

"போகாத சாமான்லா அது. நாள் சொல்ல எனக்குத் தெரியலியே."

எங்கள் கிணறு கெட்டது என்று நிரூபிக்க நான் அலைந்ததெல்லாம் மகளை இங்கே வைத்துக்கொள்ளத்தான். இப்போது நிரூபணமாகிவிட்டது.

இரண்டு நாள் மனைவியிடம் சாக்குச் சொன்னேன். லைன் கிடைக்கவில்லை என்றேன், அவள் தூங்கியிருப்பாள் என்றேன். மூன்றாம் நாள் மூலனூரிலிருந்து மகளே கூப்பிட்டுவிட்டாள்.

"ஏனுங்கப்பா, லாரி வந்துருச்சாமா? அத்தை சொன்னாங்க. வேணும்னா போயிட்டு வான்னுட்டாங்க. வெள்ளிக்கெழமை வரட்டுங்களா?"

குழந்தை பக்கத்தில் முனகுவது கேட்டது.

"இப்ப வேண்டாம் கண்ணு."

"ஏனுங்கப்பா? தண்ணிதான் வருதில்லீங்க?"

அந்தப் பெண் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். குளிப்பது, துணி, பால், எல்லாம். மனைவி சமையல்கட்டு நிலைப்படியில் வந்து நின்று, நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவ்வளவு மோசம்னா," என்றாள் மகள் மெதுவாக, "நீங்களும் அம்மாவும் அங்க என்னத்துக்குங்கப்பா இருக்கறீங்க?"

மனைவிக்கு அது கேட்டிருக்காது. ஆனாலும் அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாரி வந்துருச்சு கண்ணு, வெச்சுடறேன்" என்றேன்.

அன்று லாரி வரும் நாள் இல்லை.